ஏழில் பார்த்த கணக்கு

அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் அவளுக்கு இரண்டு பெயர். முகத்துக்கு நேரே ‘மேடம்’, முதுகுக்குப் பின்னால் ‘ஒண்ணுகூட்டி’. இரண்டாவது பெயரைச் சம்பாதிக்க அவள் பதினெட்டு வருடம் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறாள். புதிதாக வேலைக்கு வரும் எந்தப் பொறியாளனும் முதல் வாரத்தில் ஒரே தப்பைத்தான் செய்வான். பாய்லர் அறைக்குப் போவான், குழாயில் மாட்டியிருக்கும், அழுத்தம் காட்டும் கேஜின் முள் ஏழில் நிற்பதைப் பார்ப்பான், ஏழு என்று எழுதிக்கொண்டு வருவான், நீராவி அட்டவணையைத் திறந்து ஏழுக்கு நேரே விரலை வைப்பான். அவ்வளவுதான், அறை அதிரும்.

“கேஜ்ல ஏழுன்னா டேபிள்ல எட்டு! வெளியில இருக்கற காத்து என்ன உங்க அப்பா வீட்டுச் சொத்தா, கணக்குல சேர்க்காம ஒளிச்சு வைக்கறதுக்கு? ஒண்ணைக் கூட்டு!”

விஷயம் சின்னதுதான். கேஜ் சும்மா கிடக்கும்போது பூஜ்யம் காட்டும். நம்மைச் சுற்றியிருக்கும் காற்றின் அழுத்தம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. அட்டவணை போட்டவர்களோ காற்றையும் சேர்த்து எண்ணியிருக்கிறார்கள். ஆகவே கேஜில் பார்த்ததோடு ஒன்றைக் கூட்டிக்கொண்டுதான் அட்டவணைக்குள் நுழைய வேண்டும். பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொன்னால்கூடப் புரிந்துவிடும். படித்தவர்களுக்குத்தான் மறந்து போகும்.

அவளுடைய அட்டவணைப் புத்தகம் டிப்ளமோ படித்த காலத்தில் வாங்கியது. அட்டை போய், தொழிற்சாலை அட்டையிலேயே ஒரு துண்டு வெட்டி ஒட்டி, முதுகைச் சாக்கு தைக்கும் நூலால் தைத்து வைத்திருந்தாள். உள்ளே எழுத்தே கிடையாது, எல்லாம் எண்கள். இடது ஓரத்தில் அழுத்தம். அதற்கு அடுத்து, அந்த அழுத்தத்தில் தண்ணீர் எந்தச் சூட்டில் கொதிக்கும் என்பது. அப்புறம் ஒரு கிலோ ஆவி எவ்வளவு வெப்பம் சுமக்கும், எவ்வளவு இடம் அடைக்கும் என்று வரிசை வரிசையாகப் போகும். மற்றவர்கள் அதைப் பார்த்தால் கொட்டாவி விடுவார்கள். அவள் சாப்பிடும்போதுகூடப் பக்கத்தில் வைத்துக்கொள்வாள்.

சும்மா சொல்லக்கூடாது, புத்தகமும் அவளுக்கு விசுவாசமாகத்தான் இருந்தது. ஒருமுறை அட்டைகள் பசை காயாமல் நொதநொதவென்று வந்துகொண்டிருந்தன. பசைக்காரரைப் பிடித்து எல்லோரும் காய்ச்சினார்கள். அவள் போய் அழுத்தத்தைப் பார்த்தாள், ஒன்றைக் கூட்டினாள், அட்டவணையைப் பார்த்தாள். அட்டையைக் காய வைக்கும் உருளைக்குள் போகும் ஆவி நூற்று எழுபது டிகிரி இருக்க வேண்டும்; உருளையின் மேல்தோலோ நூற்று நாற்பதுகூட இல்லை. “உள்ள தண்ணி நிக்குது, திறங்க” என்றாள். திறந்தார்கள். வாளி வாளியாகத் தண்ணீர். அன்றிலிருந்து தலைமைப் பொறியாளரே எதுவானாலும் “மேடத்தைக் கேட்டுட்டு வாங்க” என்று சொல்ல ஆரம்பித்தார். அவளுக்கும் தலை கொஞ்சம் நிமிர்ந்தது. அதில் ஒன்றும் தப்பில்லை, நமக்கும் நிமிர்ந்திருக்கும்.

கல்யாணம் ஆகவில்லை. அதற்குப் பெரிய கதை ஒன்றும் இல்லை, ஆகவில்லை, அவ்வளவுதான். அம்மா போனபோது அவளுக்குப் பதினேழு வயது, தம்பிக்கு ஒன்பது. அப்பா இருந்தார், ஆனால் வீட்டில் ஒரு நாற்காலி இருப்பதுபோல இருந்தார். தம்பிக்குத் தலை வாரியது, காய்ச்சலில் ஈரத்துணி போட்டது, பள்ளிக்கூடத்தில் போய்த் திட்டு வாங்கியது எல்லாம் அவள்தான். அவனுக்குப் படிப்பு ஏறவில்லை. கைவேலை என்றால் உயிர். இவள் வேலைக்குச் சேர்ந்த தொழிற்சாலையிலேயே பாய்லரில் எடுபிடியாக நுழைந்து, பாய்லர் இயக்குவதற்கான அரசுப் பரீட்சையை முதல் தடவையிலேயே பாஸ் பண்ணிவிட்டு, லைசன்ஸை நீட்டிக்கொண்டு வந்து நின்றான். அவள் வாங்கிப் பார்த்தாள். முன்பக்கம் பார்த்தாள், பின்பக்கம் பார்த்தாள், முத்திரையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“என்னக்கா, கள்ள நோட்டு பாக்கற மாதிரி பாக்கற?” என்றான் அவன்.

சிரித்துக்கொண்டேதான் கேட்டான். அவளும் சிரித்துக்கொண்டேதான் திருப்பிக் கொடுத்தாள்.

அவன் வேலை செய்கிற விதமே வேறு. ஸ்பேனரின் ஒரு முனையைக் குழாயில் வைத்து, மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்பான். உள்ளே ஆவி ஓடுகிறதா, தண்ணீர் தேங்குகிறதா, வால்வு விம்முகிறதா என்று அதிலேயே சொல்லிவிடுவான். “என்னடா, குழாய் உன்கிட்ட ரகசியம் பேசுதா?” என்று அவள் கிண்டல் செய்வாள். “உனக்குத்தான் புத்தகம் பேசுதே, எனக்குக் குழாய் பேசினா என்ன?” என்பான். வருடங்கள் இப்படியே ஓடிவிட்டன. அவனுக்குக் கல்யாணம் ஆனது, இரண்டு பெண் பிள்ளைகள் பிறந்தார்கள், வீடு இரண்டு தெரு தள்ளிப் போனது. வார விடுமுறையில் அவள் அங்கேதான் சாப்பிடுவாள். தம்பி மனைவி நல்ல பெண். “அண்ணி, இன்னும் கொஞ்சம் போட்டுக்கோங்க” என்று தட்டைக் காலியாக விடமாட்டாள்.

பின்னால் ஒரு விபத்து நடந்தது; அதற்கு இரண்டு வருடம் முன்னால் தொழிற்சாலைக்கு ஒரு டிஜிட்டல் மானி வந்தது. ஆவிக் குழாயின் அழுத்தம் இனி பாய்லர் அறைக்குப் போகாமலே அவள் மேஜைக்கு எதிரே சிவப்பு எண்ணில் தெரியும். பொருத்த வந்த ஆள், “எப்படிக் காட்டணும் மேடம், கேஜ் மாதிரியா, காத்தையும் சேர்த்தா?” என்று கேட்டான். “காத்தையும் சேர்த்தே காட்டட்டும். சும்மா சும்மா கூட்டிக்கிட்டு இருக்க வேண்டாம்” என்று சொன்னவள் அவள்தான். அதன்பிறகு எட்டு என்று பார்த்தால் நேரே எட்டாவது வரிக்குப் போகலாம். வேலை மிச்சம். ஒன்றைக் கூட்டச் சொல்லிக் கத்துவதும் மெல்ல மெல்ல நின்றுவிட்டது. பழக்கம் என்பது வரும்போது சொல்லிக்கொண்டு வருவதில்லை, போகும்போதும் சொல்லிக்கொண்டு போவதில்லை.

வார விடுமுறை முடிந்த ஒரு காலை ஏழு மணிக்கு அது நடந்தது. விடுமுறையில் ஆறிக் கிடந்த இயந்திரத்துக்கு ஆவி விடும் நேரம். தம்பி பிரதான குழாயின் கடைசியில் இருந்த வால்வைத் திறந்தான். உள்ளே யாரோ சம்மட்டியால் அடித்ததுபோல் ஒரு சத்தம், உடனே இன்னொன்று. குழாய் வளையும் இடத்தில் பிளந்துகொண்டது. வலது கை முழங்கைக்குக் கீழே முழுவதும், கழுத்தின் ஒரு பக்கமும் வெந்துபோயின. பக்கத்தில் வேறு யாரும் இல்லாதது பெரிய புண்ணியம் என்று எல்லோரும் சொன்னார்கள். அவனுக்கு மட்டும் அந்தப் புண்ணியத்தில் பங்கில்லை.

ஆஸ்பத்திரியில் அவள் போய் நின்றபோது அவனால் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. கண்ணை மட்டும் திருப்பினான்.

“அக்கா, மெயின் லைன்லயே தண்ணி இருந்துச்சுக்கா. திறக்கறதுக்கு முன்னாடியே காதுல கேட்டேன். அந்த டிராப் வேலை செய்யலன்னு மூணு தடவ எழுதி வெச்சேன். யாரும் மாத்தல. மேஸ்திரி அவசரப்படுத்தினாரு. கொஞ்சம் கொஞ்சமாத்தான் திறந்தேன். சத்தியமா கொஞ்சம் கொஞ்சமாத்தான்.”

டிராப் என்பது குழாயின் அடியில் தொங்கும் ஒரு சின்ன இரும்புச் சாதனம். ஆவி ஆறித் தண்ணீரானால் அந்தத் தண்ணீரைத் தானே வெளியே தள்ளிவிடும். அது அடைத்துக்கொண்டால் தண்ணீர் குழாயிலேயே தங்கும், வால்வைத் திறந்ததும் ஆவி அதைத் தூக்கிக்கொண்டு போய் வளைவில் அறையும்.

“சரிடா, பேசாம படு. என்னன்னு பார்த்துடலாம்” என்றாள் அவள். ‘நீ சொன்னால் சரி’ என்று சொல்லவில்லை. அவன் அதைக் கவனித்தானா இல்லையா என்று அப்போது தெரியவில்லை.

விசாரணை வந்தது. பாய்லர் இன்ஸ்பெக்டர் அரசாங்கத்திலிருந்து வந்தார். நிதானமான மனிதர், பேனாவை மூடி மூடித் திறப்பார். கேள்வி ஒன்றுதான். மோதிய தண்ணீர் எங்கிருந்து வந்தது? வால்வுக்கு முன்னாலேயே பிரதான குழாயில் தேங்கியிருந்ததென்றால் குற்றம் டிராப்பை மாற்றாத நிர்வாகத்தின் தலையில். பிரதான குழாய் உலர்ந்திருந்ததென்றால், வால்வுக்கு அப்பால் ஆறிக்கிடந்த கிளைக் குழாய்க்குள் ஆவியை மளமளவென்று விட்டு அங்கே தண்ணீராக்கியவன் தம்பி. குற்றம் அவன் தலையில், லைசன்ஸும் போகும். இதைச் சொல்ல ஒரே வழி, விபத்துக்கு முன் குறித்த அழுத்தத்தையும் சூட்டையும் அட்டவணையோடு ஒப்பிடுவது. அந்த அழுத்தத்துக்கு உரிய கொதிநிலையை விடச் சூடு அதிகமாக இருந்தால் ஆவி உலர்ந்தது. அதிகமில்லை என்றால் தண்ணீரும் கூடவே இருந்திருக்கலாம்.

தலைமைப் பொறியாளர் அவளைத் தனியே கூப்பிட்டார். “உங்களுக்குச் சங்கடமா இருந்தா சொல்லுங்க. வெளியில இருந்து ஒரு ஆளைக் கூப்பிடறேன்.”

“எதுக்கு சார்? நானே போடறேன். தம்பின்னு எல்லாம் பாக்க மாட்டேன்.”

சொல்லும்போதே அவளுக்கு உள்ளுக்குள் ஒரு இனிப்பு. சிலருக்கு நேர்மை என்பது நகை; வீட்டில் பூட்டி வைத்தால் என்ன பயன், நாலு பேர் பார்க்கப் போட்டுக்கொண்டு போக வேண்டும். ‘சொந்தத் தம்பி விஷயத்திலேயே அவள் வளையவில்லை’ என்று ஊர் பேசப்போவது அவள் காதில் அப்போதே விழ ஆரம்பித்துவிட்டது. கணக்கு அவனுக்குச் சாதகமாகத்தான் வரும் என்ற நம்பிக்கையும் இருந்தது என்று வைத்துக்கொள்வோம். அந்த அளவுக்காவது அவளுக்குச் சலுகை தருவோம்.

விபத்து நடந்த வாரம் டிஜிட்டல் மானி பழுது பார்க்கப் போயிருந்தது. இருந்தது முள் கேஜைப் பார்த்துத் தம்பி கையால் எழுதிய குறிப்பேடு மட்டும்: அழுத்தம் 7, சூடு 170. இரண்டு வருடப் பழக்கத்தில் விரல் நேரே ஏழாவது வரிக்குப் போனது. அங்கே கொதிநிலை நூற்று அறுபத்தைந்து. குழாயில் இருந்தது நூற்று எழுபது. ஐந்து டிகிரி கூடுதல். உலர்ந்த ஆவி.

அது அபத்தமான விடையாக வந்திருந்தால் அவள் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பாள். வரவில்லையே. பாய்லரில் பத்தில் இருக்கும் ஆவியை ஒரு வால்வு ஏழாகக் குறைத்துத்தான் அனுப்பும். அப்படிக் குறையும்போது ஆவி கொதிநிலைக்கு மேல் நாலைந்து டிகிரி மிஞ்சி உலர்ந்துகொள்வது வழக்கம். விடை அவ்வளவு பொருத்தமாக வந்து உட்கார்ந்தது.

எந்தக் கணக்கையும் இரண்டு தடவை போடுவது அவள் வழக்கம். முதல் தடவை மேலிருந்து, இரண்டாவது தடவை கீழிருந்து மேலாக. இத்தனை வருடத்தில் ஒருநாளும் விட்டதில்லை. அன்றும் காகிதத்தைத் திருப்பிப் பேனாவை எடுத்தாள். அப்போதுதான் அந்த நினைப்பு வந்தது: ‘தம்பி மாட்டிக்கொண்டான் என்பதால்தானே மறுபடி பார்க்கிறேன்? வேறொருவன் என்றால் இப்படித் தவிப்பேனா?’ வேறொருவன் என்றாலும் இரண்டு தடவைதான் போட்டிருப்பாள் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை. பேனாவை மூடினாள். கீழே கையெழுத்துப் போட்டாள்.

விசாரணை அறையில் தம்பியைக் கையில் துணிக்கட்டோடு உட்கார வைத்திருந்தார்கள். அவன் தண்ணீர் இருந்தது, சத்தம் கேட்டேன் என்று சொன்னான். இன்ஸ்பெக்டர் அவளைப் பார்த்தார்.

“காதுல கேக்கறது ஆதாரம் இல்ல சார்” என்றாள் அவள், தம்பியைப் பார்க்காமல். “ஐந்து டிகிரி உலர்ந்த ஆவி. அதுல தண்ணி இருக்க வழியே இல்ல.”

தலைமைப் பொறியாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு, “இவங்க இவரோட சொந்த அக்கா சார். அது குறிப்புல வரட்டும்” என்றார். வந்தது. தம்பியின் மூன்று குறிப்புகளும் குறிப்பேட்டிலேயே கிடந்தன; உலர்ந்த குழாய்க்கு டிராப் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று ஒருவரும் புரட்டவில்லை. லைசன்ஸை ரத்து செய்தார்கள். கவனக்குறைவு என்று எழுதி வேலையை விட்டும் நீக்கினார்கள். இரண்டு மாதத்தில் அவளுக்குப் பதவி உயர்வு வந்தது. உத்தரவில் ‘பாரபட்சமற்ற கடமையுணர்வு’ என்று ஒரு வரி இருந்தது. அதை அவள் எத்தனை தடவை படித்தாள் என்று கேட்காதீர்கள்.

லைசன்ஸ் ரத்தான அந்த வாரமே அவள் வழக்கம்போல் தம்பி வீட்டுக்குச் சாப்பிடப் போனாள். கதவைத் திறந்த தம்பி மனைவி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “அவர் தூங்கறாரு அண்ணி” என்றாள். உள்ளே அவன் குரல் பெரிய பெண்ணிடம் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தது இருவருக்கும் கேட்டது. அதன்பிறகு அவள் போகவில்லை. ‘உண்மை கசக்கத்தான் செய்யும், கொஞ்ச நாளில் சரியாகிவிடும்’ என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அவன் ஒரு வாகன நிறுத்துமிடத்தில் சீட்டுக் கிழித்துக் கொடுக்கும் வேலைக்குப் போகிறான் என்று யாரோ வந்து சொன்னார்கள். வலது கை விரல்கள் மடங்குவதில்லையாம், இடது கையால் கிழிக்கிறானாம்.

பதினோரு மாதம் போனது. ஒரு பிற்பகலில் கருவிகளைச் சரிபார்க்கும் மெக்கானிக் வந்தான். டிஜிட்டல் மானி சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க, சோதனைக்கு வைத்திருந்த ஒரு முள் கேஜைக் கொண்டுவந்து பக்கத்தில் இணைத்தான். இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

“மேடம், முள்ளு ஏழு காட்டுது, இது எட்டு காட்டுது. ஒண்ணு வித்தியாசம். எதைத் தூக்கிப் போடறது?”

“அட அறிவே, ரெண்டும் சரிதான்யா. கேஜ்ல ஏழுன்னா...” என்று ஆரம்பித்தவளுக்கு அடுத்த வார்த்தை வரவில்லை. மெக்கானிக் ஸ்பேனரைக் கீழே வைத்தான். “மேடம், தண்ணி வேணுமா?” என்று கேட்டான்.

அவள் கோப்பு அறைக்குப் போனாள். தம்பியின் கோப்பை எடுத்தாள். ஏழு. அவளுடைய அழகான கையெழுத்தில், கோடு போட்டு, ஏழு. அட்டவணையைத் திறந்து எட்டாவது வரியில் விரலை வைத்தாள். நூற்று எழுபது, புள்ளிக்குப் பிறகு நாலு. குழாயில் இருந்தது நூற்று எழுபது. உலர்வும் இல்லை, ஒன்றும் இல்லை. சரியாகக் கொதிநிலையில் நின்றிருக்கிறது. தண்ணீர் இருந்தது என்று இது நிரூபிக்காது. ஆனால் ‘தண்ணீர் இருக்க வழியே இல்லை’ என்று சொல்ல எந்த நாய்க்கும் உரிமை கிடையாது. அவள் சொன்னாள். நாலு பேருக்கு முன்னால் சொன்னாள். அந்த அறையின் தரையில் உட்கார்ந்து, புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பக் கணக்குப் போட்டாள். மேலிருந்து ஒரு தடவை, கீழிருந்து ஒரு தடவை. அன்று அந்த நேரம் காற்றழுத்தம் வழக்கத்தை விடக் குறைவாக இருந்திருந்தால் என்று ஒரு தடவை. வெப்பமானி ஒரு டிகிரி தப்பாகக் காட்டியிருந்தால் என்று ஒரு தடவை. எப்படிப் போட்டாலும் அவள்தான் தப்பு.

தலைமைப் பொறியாளர் காகிதத்தை வாங்கினார். படிக்க எடுத்துக்கொண்ட நேரம் ரொம்பக் குறைவு. ஏற்கெனவே தெரிந்த விஷயத்தைப் படிக்கும் வேகம் அது.

“ம். அன்னைக்கே எனக்கு ஒரு சின்ன உறுத்தல் இருந்துச்சு” என்றார்.

“அன்னைக்கே தெரியுமா சார் உங்களுக்கு?”

“தெரியும்னு சொல்லல. உறுத்தல்னு சொன்னேன். கணக்குப் போட்டது நீங்க. அதுவும் சொந்தத் தம்பிக்கு எதிரா. அதைப் போய்த் திருத்த நான் யாரு?” காகிதத்தை மடித்து அவளிடமே நீட்டினார். “ஆனது ஆச்சு. இதைக் கிளறினா டிராப் வரும், ஸ்டோர் வரும், புது டிராப்புக்கான ஆர்டரை நிறுத்தி வெச்சது யாருன்னு வரும். உங்களுக்கும் நல்லதில்ல. போய் வேலையைப் பாருங்க.”

அவள் வேலையைத்தான் பார்த்தாள். நேரே இன்ஸ்பெக்டர் அலுவலகத்துக்குப் போய், ‘என் கணக்கு தவறு’ என்று எழுதிக் கொடுத்தாள். இதையும் பாராட்டத்தான் வேண்டும். எத்தனை பேர் செய்வார்கள்? ஆனால் அவளுக்குப் பாராட்டுக் கிடைத்த தடவையெல்லாம் யாருக்கு என்ன ஆயிற்று என்று பார்த்துவிட்டதால், நாம் கொஞ்சம் கையைக் கட்டிக்கொள்வோம். இன்ஸ்பெக்டர் பேனாவை நாலு முறை மூடித் திறந்தார். பாதிக்கப்பட்டவர் கையெழுத்துப் போட்டு விண்ணப்பித்தால்தான் கோப்பைத் திறக்க முடியும் என்றார்.

விண்ணப்பத்தோடு அவள் தம்பி வீட்டு வாசலில் நின்றாள். தம்பி மனைவி அதை வாங்கி, நின்ற இடத்திலேயே முழுக்கப் படித்தாள். “இருங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். வெகுநேரம் கழித்துத் திரும்பி வந்தபோது கீழே ஒரு கையெழுத்து இருந்தது. இடது கையால் போட்டது, ஒவ்வொரு எழுத்தும் ஒரு பக்கம் சாய்ந்து கிடந்தது. உள்ளே கூப்பிடவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை.

கோப்பு திறந்தது. ஏழு மாதம் இழுத்தது. டிராப் பற்றிய மூன்று குறிப்புகளும் இந்தத் தடவை படிக்கப்பட்டன. ஆனால் அந்த டிராப்பையும் உடைந்த வளைவையும் எப்போதோ பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள், சோதிக்க எதுவும் இல்லை. ‘விபத்துக்கான காரணத்தை உறுதியாகக் கூற இயலவில்லை, பாய்லரை இயக்கியவர் மீது குறை காண ஆதாரம் இல்லை’ என்று முடித்தார்கள். லைசன்ஸைத் திருப்பித் தந்தார்கள். தொழிற்சாலை அவனைத் திரும்ப எடுக்கவில்லை. கை சரியில்லாதவனுக்குப் பாய்லரில் என்ன வேலை என்று கேட்டுவிட்டது. அவளுடைய பதவி உயர்வைப் பிடுங்கிச் சரக்கு அறைக்கு மாற்றினார்கள். அங்கே அட்டைகளை அளந்து அடுக்குவதுதான் வேலை. அட்டவணைப் புத்தகம் தேவைப்படாத ஒரே அறை அது. தலைமைப் பொறியாளருக்கு ஒன்றும் ஆகவில்லை. அவருக்கு எப்போதும் ஒன்றும் ஆகாது.

இவ்வளவுக்குப் பிறகும் அவளுக்கு மனதின் ஒரு மூலையில் சந்தோஷம் இருந்தது. லைசன்ஸ் அவன் கைக்குப் போய்விட்டது. தப்பைத் தானே கண்டுபிடித்து, தானே ஒத்துக்கொண்டு, தன் பதவியைக் கொடுத்து அதை மீட்டிருக்கிறாள். அடுத்த விடுமுறை நாளில், பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு நோட்டுப் புத்தகமும் கலர் பென்சிலும் வாங்கிக்கொண்டு போனாள்.

இந்தத் தடவை தம்பி மனைவி வழிவிட்டாள். தம்பி மேஜையருகே உட்கார்ந்து காலுறை மாட்டிக்கொண்டிருந்தான். ஒரு கையால் காலுறை மாட்டுவது எவ்வளவு கஷ்டம் என்பதை அவள் அன்றுதான் பார்த்தாள். குனிந்து உதவி செய்யப் போனாள். அவன் காலை இழுத்துக்கொண்டான்.

“எல்லாம் சரியாயிடுச்சுடா” என்றாள் அவள். குரல் அவளுக்கே சின்னதாகக் கேட்டது. “உன் மேல தப்பில்லன்னு எழுதிட்டாங்க.”

“தப்பில்லன்னு எழுதல. ஆதாரம் இல்லன்னு எழுதியிருக்காங்க. நானும் படிச்சேன்.”

“நான்தான்டா தப்பு பண்ணிட்டேன். அந்த மெஷின் வந்ததுலேருந்து கூட்டாமலே பழகிடுச்சு. வேணும்னு பண்ணலடா. உனக்குத் தெரியாதா?”

“தெரியும். நீ வேணும்னு எதையும் பண்ண மாட்ட.” அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். கழுத்துத் தோல் இழுத்ததால் உடம்பையும் சேர்த்துத் திருப்ப வேண்டியிருந்தது. கோபம் ஒன்றும் தெரியவில்லை. கோபப்பட்டுத் திட்டியிருந்தால்கூட அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். “ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், சொல்றியாக்கா? ஒவ்வொரு கணக்கையும் ரெண்டு தடவ போடுவியே. எங்கிட்ட எத்தனை தடவ பெருமையாச் சொல்லியிருக்க. என் கணக்கை எத்தனை தடவ போட்ட?”

பிள்ளைகள் உள்ளே கலர் பென்சில் டப்பாவைப் பிரிக்கும் சத்தம் கேட்டது.

“ஒரு தடவ” என்றாள்.

“உன் கணக்கு தப்புன்னு தெரிஞ்சுது பாரு, அதை எத்தனை தடவ போட்ட?”

தம்பி மனைவி அடுப்படி வாசலில் வந்து நின்றிருந்தாள். ‘அதுவும் ஒருதடவைதான்’ என்று சொல்லிவிடலாம். யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் எண்ணில் பொய் சொல்ல அவளுக்கு வராது, எந்தக் காலத்திலும் வந்ததில்லை.

“நாலு” என்றாள்.

அவன் தலையை ஆட்டினான். மற்றக் காலுறையையும் மாட்டினான், ஷூவுக்குள் காலை நுழைத்துக்கொண்டான், டியூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று மனைவியிடம் சொல்லிவிட்டுக் கிளம்பிப் போனான்.